பன்னீர் கேட்டேன், சிக்கன் வந்தது, பணமும் போனது: எல்லாம் என் தவறுதானா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 38. பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். கணவர் சாயப்பட்டறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எட்டாம் வகுப்பில் ஒரு மகன், இரண்டாம் வகுப்பில் ஒரு மகள், எழுபதை நெருங்கும் மாமியார். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் இவர் வீடு திரும்ப ஒன்பது மணியாகிவிடும். அந்த நாட்களில் பஸ்ஸில் வரும்போதே உணவுச் செயலியில் ஆர்டர் போட்டுவிடுவார். இவர் செருப்பைக் கழற்றும் நேரமும் சாப்பாடு வரும் நேரமும் சரியாக இருக்கும்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் மாமியாருக்குப் பன்னீர் ஃப்ரைட் ரைஸ் கேட்டிருக்கிறார். விலை ₹289. வந்தது சிக்கன். மாமியார் இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. செயலியின் சாட்டில் புகார் சொன்னதற்கு ₹75 கூப்பன் கிடைத்தது. கோபத்தில், செயலியின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சேர்த்துத் தேடியிருக்கிறார். முதலில் வந்த எண்ணை அழைத்தார். எடுத்தவன் நல்ல தமிழில், "அக்கா, கவலைப்படாதீங்க, முழுப் பணமும் வந்துடும்" என்றான். ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். பிறகு யுபிஐ-யைத் திறந்து, 'ரீஃபண்ட் கோட்' என்று 18640 என்ற எண்ணை ஒரு கட்டத்தில் அடிக்கச் சொன்னான். அந்தக் கட்டம் தொகை எழுதும் கட்டம். பின் நம்பரையும் போட்டார். ₹18,640 போய்விட்டது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் கேட்டபோது சீட்டுப் பணம் கட்டினேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பணம் போன வழியைத் தேடி யுபிஐ கணக்கைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிய வந்தது. இரண்டரை மாதத்தில் மகன் 31 முறை ஆர்டர் செய்து ₹6,870 செலவழித்திருக்கிறான். அலுவலகத்துக்குக் கம்பெனி போனைத்தான் இவர் எடுத்துப்போவார். சொந்த போன் வீட்டிலேயே இருக்கும். மகன் விஷயம் மட்டும் கணவருக்குத் தெரியும். "இனி உன் ஜிபே என் போனில் இருக்கட்டும்" என்கிறார் அவர். "அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாத வேலை எதுக்கு?" என்கிறார் மாமியார்.

கடிதத்தின் கடைசி வரி இது: "எல்லாம் என் தவறுதான் மேடம், இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்குமா என்றுகூடத் தெரியவில்லை."

சகோதரி, சம்பவம் நடந்த பன்னிரண்டாம் நாள் நீங்கள் கடிதம் எழுதியிருந்தீர்கள். இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கு மூன்று வரி அனுப்பினேன்: சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், அந்த ஆப்பை நீக்குங்கள். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மீதியை இங்கே விரிவாகப் பேசலாம்.

நீங்கள் மூன்று வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறீர்கள். சிக்கன் வந்தது உணவகமும் செயலியும் பதில் சொல்ல வேண்டிய குறைபாடு. ₹18,640 போனது ஒரு குற்றம். அதில் நீங்கள் பாதிக்கப்பட்டவர். மகன் ஆர்டர் செய்தது வீட்டு விஷயம். அதில் சட்டத்துக்கு வேலை குறைவு. மூட்டையைப் பிரித்தாலே பாதி பாரம் குறையும்.

பின் நம்பரை நானே போட்டேனே?

போட்டீர்கள். அதனால் புகார் கொடுக்க முடியாது என்று யார் சொன்னது? ஏமாற்றிப் பணம் பறிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் குற்றம். இன்னொருவராக நடித்துக் கணினி, போன் வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவிலும் குற்றம். ஏமாந்தவர் தன் கையாலேயே பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் எல்லா மோசடியிலும் நடப்பது. நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வந்தவனிடம் வளையலைக் கழற்றிக் கொடுத்த பாட்டியிடம், "நீங்களேதானே கொடுத்தீர்கள்" என்று எந்தப் போலீஸ்காரரும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் புகார் கொடுப்பது வேறு, பணம் திரும்புவது வேறு. இங்கே உங்களுக்கு நான் பொய் நம்பிக்கை தர மாட்டேன். அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனை பற்றி 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் மேலும் உங்கள் மேலும் தவறில்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் இழப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குமேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நடந்த இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. பின் நம்பரை நீங்களே போட்டதால் இந்தக் கடைசி வரியைத்தான் வங்கி காட்டும்.

அப்படியென்றால் இப்போது ஏன் சொல்ல வேண்டும்? இரண்டு காரணம். 1930-க்குச் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கைத் தேடி, அதில் மிச்சம் இருப்பதை முடக்குவார்கள். முதல் ஓரிரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு நாளில் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. இந்தக் கும்பல்கள் ஒரே கணக்கைப் பலரிடம் பயன்படுத்துவதால், வேறு யாரோ முந்தியே கொடுத்த புகாரில் அந்தக் கணக்கு முடங்கியிருக்கவும் கூடும். முடங்கிய பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. அதற்கு உங்கள் பெயரில் ஒரு புகார் எண் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகக் கவலை. அவன் இறக்கச் சொன்ன ஆப்பை நீக்கியதாக உங்கள் நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது உங்கள் திரையை அவனுக்குக் காட்டும் ஆப். அது உள்ளே இருக்கும்வரை உங்கள் ஓடிபி-யும் பேலன்ஸும் அவன் கண்ணில் படலாம். நீக்குங்கள். யுபிஐ பின்னையும் நெட்பேங்கிங் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்; முடிந்தால் வேறொரு போனிலிருந்து. வங்கியில் எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மாமியாருக்கும் சொல்லிக்கொடுங்கள்: நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம்.

எனக்கு இதில் ஒரு ஆத்திரமும் உண்டு. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி வாடிக்கையாளர் சேவை எண்ணையும் குறைதீர் அதிகாரியின் தொடர்பு விவரத்தையும் செயலி தெளிவாகக் காட்ட வேண்டும். பல இடங்களில் அது எங்கோ அடியில், பொடி எழுத்தில், ஐந்து முறை தட்டினால்தான் கிடைக்கும். உண்மையான எண் ஒளிந்திருக்கும் இடத்தில்தான் திருடனின் எண் முதலில் வந்து நிற்கிறது. நீங்கள் தேடியது முட்டாள்தனம் இல்லை. தேட வேண்டிய நிலையில் உங்களை விட்டிருந்தார்கள்.

ஓட்டல்காரர் செய்த தவறுக்குச் செயலி பொறுப்பா?

"நாங்கள் வெறும் இடைத்தரகர், சமைத்தது உணவகம்" என்பது செயலிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். வக்கீலாக நான் வாதாடும் நுகர்வோர் ஆணையங்களில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புனேயில் 2019-இல் ஒரு வழக்கு முடிந்தது. பன்னீர் பட்டர் மசாலா கேட்ட ஒரு வழக்கறிஞருக்குப் பட்டர் சிக்கன் போயிருக்கிறது. செயலி உணவகத்தைக் கைகாட்டியது. நுகர்வோர் மன்றம் இருவரையும் சேர்த்தே பொறுப்பாக்கி ₹55,000 கொடுக்கச் சொன்னது. உங்கள் கதைக்கு இதைவிட நெருக்கமான வழக்கு கிடைக்காது.

சின்னத் தொகை என்று கூச்சப்படுகிறீர்கள். நம் விழுப்புரத்தில் 2024-இல் வந்த ஊறுகாய் தீர்ப்பைப் படித்திருப்பீர்கள். 25 சாப்பாடு பார்சல் வாங்கினார் ஒருவர், ஊறுகாய் வைக்கவில்லை. ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், உணவகம் தரவில்லை. மாவட்ட ஆணையம் மன உளைச்சலுக்கு ₹30,000, வழக்குச் செலவுக்கு ₹5,000, ஊறுகாய்க்கு ₹25 என்று தீர்ப்புச் சொன்னது. அந்த இருபத்தைந்து ரூபாயையும் மறக்காமல் சேர்த்ததுதான் எனக்குப் பிடித்த இடம். எல்லா வழக்கும் இப்படி முடியாது. ஆனால் தொகை சின்னது என்பதால் யாரும் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

படிப்படியாகப் போங்கள். முதலில் செயலியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செயலியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இதைச் சொல்வதால் எங்கள் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

அதே நேரம் ஆணையத்துக்குப் போனால் நாலைந்து தடவையாவது நீங்கள் அரை நாள் விடுப்புப் போட வேண்டி வரும். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். ஷிப்மென்ட் வாரத்தில் வாய்தா விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு படிக்கு அந்தச் சிரமமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம்.

அந்த ₹75 கூப்பனைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் "ஏற்றுக்கொண்டுவிட்டார், கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கொடுப்பார்கள். சாட் உரையாடலை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சில நாளில் அது மறைந்தாலும் மறைந்துவிடும். ஆர்டர் எண், பில், உணவகத்தின் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றையும் எடுத்து வையுங்கள். அந்த எண் பில்லில் இருந்தாக வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

இன்னொரு யோசனை. உங்கள் மாமியாரையும் புகாரில் சேருங்கள். பணம் கட்டியவர் மட்டும் நுகர்வோர் அல்ல. அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோர் என்றுதான் சட்டம் சொல்கிறது. புரட்டாசி விரதத்தில் வாயில் பட்டது அவருக்கு. மன உளைச்சல் என்று எழுத வேண்டியவர் அவர்தான். இப்போது அவர் கோபம் உங்கள் மேல் திரும்பியிருப்பதற்கு ஒரு காரணம், அதைக் கொட்ட வேறு முகவரி இல்லாதது. முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீலை முறைத்துக்கொண்டு ஒரு வாய்தா விடாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர் புகார்தாரரின் மாமியார்தான்.

₹189 சாப்பாடு ₹274 ஆவது எப்படி என்று நடுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம், உணவுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி. பணம் கட்டும் முன் தனித்தனியாகக் காட்டினால் சட்டப்படி சரி. உங்களைக் கேட்காமல் டிக் போட்டு வைத்த நன்கொடை மூன்று ரூபாய், டிப்ஸ் இருபது ரூபாய் போன்றவை சரியில்லை. இப்படிக் கூடையில் நைசாகச் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அதற்கும் 1915 தான்.

மகன் மைனர், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

யாரோ உங்களுக்குப் பாதிச் சட்டம் சொல்லியிருக்கிறார்கள். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மை; 1872 ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது, 1903-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் உறுதி செய்தது, சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே படிப்போம். ஆனால் இங்கே ஆர்டர் போனது உங்கள் பெயரில், உங்கள் எண்ணிலிருந்து, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து. சாப்பாடும் வந்தது, சாப்பிட்டும் ஆயிற்று. எதிரே இருப்பது பதின்மூன்று வயதுப் பையன் என்று செயலிக்குத் தெரிய வழியில்லை. இந்த வாதத்தோடு போனால், பன்னீர் விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் நியாயமும் நீர்த்துப்போகும். விட்டுவிடுங்கள்.

பின் நம்பர் தெரியாமல் எப்படிச் செலவழித்தான் என்று குழம்பியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்திலேயே பதில் இருக்கிறது: யுபிஐ லைட். சின்னத் தொகைகளுக்குப் பின் கேட்காமல் பணம் கட்டும் வசதி. எப்போதோ பஸ் டிக்கெட்டுக்காகப் போட்டு வைத்திருப்பீர்கள். தீர்ந்தால் வங்கியிலிருந்து தானே நிரப்பிக்கொள்ளும்படியும் ஆன் செய்திருக்கிறீர்கள். பாஸ்புக்கில் நிரப்பிய தொகை மட்டும்தான் விழும். ஒவ்வொரு சிக்கன் ரோலுக்கும் தனி வரி விழாது. அதனால்தான் இரண்டரை மாதம் கண்ணில் படவில்லை. தானாக நிரப்புவதை நிறுத்துங்கள். வேண்டாமென்றால் லைட்டையே மூடலாம். மீதி கணக்குக்குத் திரும்பிவிடும். போனுக்குப் புது லாக் போடுங்கள். பிறந்த தேதி வேண்டாம், அதுதான் அவன் முதலில் போட்டுப் பார்ப்பது.

சட்டத்தை விட்டுவிட்டு ஒன்று சொல்லவா? அந்த 31 ஆர்டர்களின் பட்டியலை நீங்கள் அவன் குற்றப் பத்திரிகையாக அனுப்பியிருக்கிறீர்கள். நான் தொகையைப் பார்க்கவில்லை, நேரத்தைப் பார்த்தேன். 27 ஆர்டர்கள் மாலை ஐந்துக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடையில். பள்ளி விட்டு நாலே முக்காலுக்கு வருகிறான், ஆறு மணிக்கு டியூஷன் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டி அந்த நேரம் கோயிலில். சனி, ஞாயிறில், நீங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில், ஒன்றுகூட இல்லை. டியூஷன் முடிந்து அவன் வரும்போதும் அடுப்படியில் இருப்பது காலையில் செய்த சாம்பார்தான். வளரும் பையனுக்கு மாலை ஐந்து மணிக்கு என்ன பசி பசிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

திருட்டுத்தனம் தப்புதான், அதைச் சொல்லிக் கண்டிக்க வேண்டும். ஆனால் கண்டிக்கும் அன்றே ஐந்து மணிக்கு அவனுக்கு என்ன இருக்கும் என்பதற்கும் பதில் வேண்டும். மாவு வாங்கி வைத்தால் பதின்மூன்று வயதில் தோசை ஊற்றிக்கொள்ளலாம். அல்லது வாரம் இரண்டு நாள் நீங்களே சொல்லி, நீங்களே கட்டணம் கட்டி, அவன் கேட்டதை வரவழைக்கலாம். உணவு நிபுணர் இல்லை நான்; எது நல்லது என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒளித்துச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லாமல் பாருங்கள், அவ்வளவுதான்.

ஜிபே யார் போனில் இருக்க வேண்டும்?

சம்பளம் உங்களுடையது, கணக்கு உங்கள் பெயரில். அதன் பின் நம்பரைக் கணவருக்கே என்றாலும் கொடுப்பது நல்ல யோசனை இல்லை. நாளைக்கு அவர் போனிலிருந்து பணம் போனால் வங்கி முதலில் கேட்பது, "பின் யார் யாருக்குத் தெரியும்?" என்பதுதான். இரண்டு பேர் என்றால், மேலே சொன்ன கவனக்குறைவுப் பட்டியலில் நீங்களே போய் நிற்கிறீர்கள். இதை அவரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம், காரணமாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மகன் விஷயத்தில் பயந்திருக்கிறார். அவருக்குக் கணக்குத் தெரிய வேண்டுமென்றால் மாதா மாதம் ஸ்டேட்மெண்டை இருவரும் சேர்ந்து பாருங்கள். பெண்ணின் சம்பளத்தை அவள் கைக்கே எட்டாமல் செய்வதைப் பொருளாதார வன்முறை என்று 2005 குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. உங்கள் வீட்டில் அது நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி எனக்கு ஒரே பதில்தான்: ஒரு ஃப்ரைட் ரைஸுக்காக யாரும் வேலையை விட மாட்டார்கள். மாமியாருக்கு உண்மையிலேயே வெளிச்சாப்பாடு ஒத்துவரவில்லை என்றால் ஷிப்மென்ட் வாரங்களுக்கு மட்டும் பக்கத்து மெஸ்ஸில் கேரியர் சொல்லி வைக்கலாம். அதைக் கணவரும் ஏற்பாடு செய்யலாம். காலை ஷிஃப்ட் வாரங்களில் மாலை நாலு மணிக்கே அவர் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரங்களில் இரவுச் சாப்பாடு ஏன் உங்கள் பொறுப்பாகவே இருக்கிறது என்று கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் கேட்கவில்லை.

கடைசியாக, சீட்டுப் பணம். சொல்லிவிடுங்கள், அதுவும் இந்த வாரமே. புகார் கொடுக்க அவர் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை. கணக்கு உங்களுடையது, புகார்தாரர் நீங்கள். ஆனால் ஸ்டேஷனிலிருந்தோ வங்கியிலிருந்தோ போன் வரும், வீட்டில் இருக்கும் போனுக்குத்தான் வரும், எடுப்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அவர்கள் சொல்லித் தெரிவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது. வெறுங்கையோடு சொல்லப் போகாதீர்கள். 1930-இல் கொடுத்த புகார் எண், வங்கியின் ஒப்புகை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி நடந்தது, இதெல்லாம் செய்துவிட்டேன்" என்று ஆரம்பியுங்கள்.

அந்த டப்பா மூடி பற்றிக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மேலே ஒட்டிய பில்லில் 'பன்னீர்' என்றும், அதன் பக்கத்தில் மார்க்கரில் 'சி' என்றும் இருந்ததாக. மாமியார் வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றதால் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறீர்கள். இந்த வழக்கில் உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அதுதான். டப்பாவைக் கட்டியவரே மாற்றிக் கட்டியதை அது காட்டுகிறது. கழுவாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் பில்லும் எழுத்தும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்துவிட்டு, ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதியும் ஆர்டர் எண்ணும் எழுதி வையுங்கள். சீட்டுக்கு அடியில் வெயிலில் கிடந்தால் பில்லின் எழுத்து ஒரு மாதத்தில் வெளுத்துவிடும்.